ரசம் போன கண்ணாடியும் அப்பாவின் சைக்கிளும்

மூன்று மாதமாக இந்தப் பக்கம் எட்டிப் பார்க்க முடியவில்லை. ஜனவரி முதல் மார்ச் வரை வங்கிக்காரனின் கதி என்ன என்பது வீட்டில் ஒரு வங்கிக்காரர் இருக்கிறவர்களுக்குத் தெரியும். ஆணி அதிகம். இப்போது ஏப்ரல் பிறந்துவிட்டது. லூதியானாவில் பனிமூட்டம் போய், ஊருக்கு வெளியே கோதுமை அறுவடைக்கு நிற்கிறது. கொஞ்சம் மூச்சு விட நேரம் கிடைத்திருக்கிறது.

இந்தப் பதிவு ஒரு கண்ணாடியைப் பற்றியது. முகம் பார்க்கிற கண்ணாடி இல்லை. சைக்கிள் ஹேண்டில் பாரில் மாட்டிக்கொண்டு பின்னால் வருவதைப் பார்க்கிற கண்ணாடி. "இதுக்கெல்லாம் ஒரு வரலாறா?" என்று தங்கமணி கேட்டாகிவிட்டது. நீங்களும் கேட்பீர்கள். இருக்கிறது. கடைசி வரை வாருங்கள்.

என் மகள் ஒன்பதாம் வகுப்பு. டியூஷனுக்கு மூன்று கிலோமீட்டர் சைக்கிளில் போகிறாள். இரண்டு வருடத்தில் அவளுக்கு மூன்று கண்ணாடி வாங்கிக் கொடுத்தேன். முதலாவது பிளாஸ்டிக். புழுதியோடு துப்பட்டாவால் துடைத்துத் துடைத்து, ஆறே மாதத்தில் கீறல் விழுந்து புகை படிந்தது போல ஆகிவிட்டது. இரண்டாவது நிஜக் கண்ணாடி. ஒரு மழைக்காலம் முடிவதற்குள் ஓரத்திலிருந்து கறுப்பு படர்ந்து ரசம் போய்விட்டது. மூன்றாவது நீளக் கம்பி வைத்தது, பார்க்க மோட்டார் பைக் கண்ணாடி போல ஜோராக இருந்தது. நாலு பள்ளம் ஏறி இறங்கினால் மூட்டு தளர்ந்து தானாகத் திரும்பிக்கொள்ளும்.

ஜனவரியில் ஒரு மாலை, பனி இறங்கிக்கொண்டிருந்த நேரம், பின்னாலிருந்து ஒரு ஈ-ரிக்‌ஷா வந்து அவள் ஹேண்டில் பாரை உரசிக்கொண்டு போனது. இன்ஜின் சத்தம் கிடையாது, அவன் ஹாரனும் அடிக்கவில்லை. பிள்ளை சாலையோர மண்ணில் விழுந்தாள். முழங்காலில் சிராய்ப்பு, அவ்வளவுதான். கடவுள் புண்ணியம். சைக்கிளை நிமிர்த்தி வைத்துப் பார்த்தேன். கண்ணாடி இருந்தது, உடையக்கூட இல்லை. ஆனால் அது வானத்தைப் பார்த்துக்கொண்டிருந்தது.

அன்று ராத்திரி எனக்குத் தூக்கம் வரவில்லை. பயம் மட்டும் காரணமில்லை. முப்பது வருடத்துக்கு முந்தைய ஒரு கண்ணாடி ஞாபகத்துக்கு வந்துவிட்டது. கொசுவத்தியைப் பிறகு சுற்றுகிறேன். முதலில் வரலாறு.

ரசம் என்றால் என்ன?

பழைய கண்ணாடியைப் பார்த்து "ரசம் போயிடுச்சு" என்கிறோம். எந்த ரசம் என்று யோசித்திருக்கிறீர்களா? பாதரசம். நம் பேச்சில் ஒட்டிக்கொண்டிருக்கும் அந்த ஒரு சொல்லுக்குள் முந்நூறு வருடத் தொழில் வரலாறு இருக்கிறது.

ஆதிக் கண்ணாடிகள் உலோகம். ஹரப்பா நாகரிக இடங்களில் செம்பிலும் வெண்கலத்திலும் செய்த கண்ணாடிகள் கிடைத்திருக்கின்றன. அந்த மரபின் இன்றைய வாரிசு கேரளத்தின் ஆறன்முளைக் கண்ணாடி. செம்பும் தகரமும் கலந்து வார்த்து, நாள் கணக்கில் தேய்த்து மெருகேற்றுவார்கள். முன்பக்கமே பிரதிபலிக்கும். விரலை வைத்தால் விரலுக்கும் பிம்பத்துக்கும் நடுவே இடைவெளி தெரியாது. இதைச் செய்யும் குடும்பங்களின் முன்னோர் கோயில் வேலைக்காகத் திருநெல்வேலிப் பக்கமிருந்து போனவர்கள் என்பது அங்கே வழிவழியாகச் சொல்லப்படும் செய்தி. உலோகம்தானே, உடையாது என்று நினைக்க வேண்டாம். தகரம் அதிகமுள்ள அந்தக் கலவை கீழே விழுந்தால் கண்ணாடி போலவே உடையும்.

தட்டையான கண்ணாடித் தகட்டின் பின்னால் பளபளப்பை ஏற்றும் கலையை 16ஆம் நூற்றாண்டில் பெரிய தொழிலாக வளர்த்தவர்கள் வெனிஸ் நகரை ஒட்டிய முரானோ தீவுக்காரர்கள். செய்முறை இதுதான்: தகரத் தாளை மேசைமேல் விரித்து, அதன்மேல் பாதரசத்தை ஊற்றி, கண்ணாடியை மெதுவாக மேலே தள்ளி, எடை வைத்து அழுத்தி, மிச்ச ரசத்தை வடிய விட வேண்டும். தகரமும் ரசமும் சேர்ந்து கண்ணாடியில் ஒட்டிக்கொள்ளும். ரகசியத்தை வெளியே விடாமல் வெனிஸ் பொத்திப் பொத்தி வைத்தது. பிரான்ஸ் சும்மா இருக்குமா? 14ஆம் லூயியின் மந்திரி கோல்பேர் முரானோ தொழிலாளிகளை ஆசை காட்டி வரவழைத்து, 1665ல் அரச கண்ணாடித் தொழிற்சாலையைத் தொடங்கி வைத்தார். வெர்சாய் அரண்மனையில் 1684ல் முடிந்த கண்ணாடி மண்டபத்தின் 357 கண்ணாடிகள் அங்கே செய்தவைதான். அந்தத் தொழிற்சாலைதான் இன்றைய செயின்ட்-கோபைன் கம்பெனி. நம் ஸ்ரீபெரும்புதூரில் 2000ல் கண்ணாடி ஆலை திறந்தார்களே, அதே கம்பெனி! 

இந்தப் பளபளப்புக்கு விலை கொடுத்தவர்கள் வேறு. பெர்னார்டினோ ராமசீனி என்று ஒரு இத்தாலிய மருத்துவர். 1700ல் தொழிலாளர்களின் நோய்களைப் பற்றியே ஒரு புத்தகம் போட்டார், 1713ல் அதை விரிவாக்கினார். நோயாளியிடம் வழக்கமான கேள்விகளோடு "நீ என்ன தொழில் செய்கிறாய்?" என்றும் கேளுங்கள் என்று மருத்துவர்களுக்குச் சொல்லிக் கொடுத்தவர் அவர். வெனிஸ் கண்ணாடித் தொழிலாளிகள் பாதரசத்தால் கைகால் நடுக்கம் கண்டு, தாங்கள் செய்த கண்ணாடியிலேயே தங்கள் நோயைப் பார்க்கிறார்கள் என்று எழுதினார். அதே புத்தகத்தில் இன்னொரு கூட்டமும் வருகிறது. நாள் முழுக்கச் சுத்தியல் சத்தத்தில் உட்கார்ந்து காது செவிடாகிப்போன செம்புத் தட்டர்கள். கண்ணாடிக்காரனும் காது போனவனும் ஒரே புத்தகத்தில். இதை ஞாபகம் வைத்துக்கொள்ளுங்கள்.

1835ல் ஜெர்மானிய வேதியியலாளர் யுஸ்டுஸ் ஃபான் லீபிக், வெள்ளி உப்புக் கரைசலிலிருந்து வெள்ளியைப் பிரித்துக் கண்ணாடிமேல் படிய வைக்கும் வழியைக் கண்டார். 1850களில் அதைத் தொழிலுக்கு ஏற்றபடி சீர் செய்தார். ரசம் தேவையில்லை, நடுக்கம் இல்லை. ஆனாலும் பவேரியாவில் ஃபூர்த் போன்ற ஊர்களில் 19ஆம் நூற்றாண்டின் கடைசிக் காலம் வரை பாதரச வேலை ஓடிக்கொண்டுதான் இருந்தது. பழகிய தொழிலையும் அதில் போட்ட முதலையும் யாரும் லேசில் விட மாட்டார்கள். கடன் கொடுக்கிறவனுக்கு இது நன்றாகவே தெரியும்.

1930களில் அமெரிக்காவின் ஜான் ஸ்ட்ராங், காற்றை உறிஞ்சிய அறைக்குள் அலுமினியத்தை ஆவியாக்கி மெல்லிய படலமாகப் பூசும் முறையைக் கொண்டுவந்தார். 1935ல் மவுன்ட் வில்சன் வானாய்வகத்தின் 100 அங்குலத் தொலைநோக்கிக்கே அலுமினியப் பூச்சு ஏறியது. இன்று சைக்கிளுக்கு வரும் பிளாஸ்டிக் கண்ணாடியின் பளபளப்பும் பெரும்பாலும் இப்படி வெற்றிடத்தில் ஏற்றிய அலுமினியம்தான். ரசம் போயே பல காலம் ஆகிவிட்டது. சொல் மட்டும் நம்மிடம் தங்கிவிட்டது.

பின்னால் பார்க்கக் கற்றுக்கொண்ட கதை

கண்ணாடி வண்டியில் ஏறியது எப்போது? 1909ல் இங்கிலாந்தின் டாரதி லெவிட் என்ற பெண் கார் பந்தயக்காரர் ஒரு புத்தகம் எழுதினார். கார் ஓட்டும் பெண்கள் ஒரு சிறிய கைக்கண்ணாடியைப் பக்கத்தில் வைத்துக்கொண்டு, அவ்வப்போது தூக்கிப் பிடித்துப் பின்னால் என்ன வருகிறது என்று பார்க்கலாம் என்று அதில் சொல்லிக் கொடுத்தார். அந்தக் காலத்தில் பந்தயக் கார்களில் ஓட்டுநரோடு ஒரு மெக்கானிக்கும் உட்கார்ந்து போவார். இன்ஜினைக் கவனிப்பதோடு, பின்னால் வருகிறவனைப் பார்த்துச் சொல்வதும் அவர் வேலை.

1911 மே 30. அமெரிக்காவில் இண்டியானாபோலிஸ் 500 மைல் பந்தயம் முதன்முதலாக நடக்கிறது. 40 கார்கள். மார்மன் கம்பெனியின் இன்ஜினியர் ரே ஹாரூன் மட்டும் மெக்கானிக் இல்லாமல் ஒற்றை இருக்கைக் காரில் வந்து நிற்கிறார். பின்னால் பார்க்க ஆளில்லாமல் ஓட்டுவது ஆபத்து என்று மற்றவர்கள் ஆட்சேபம் செய்ய, காரின் முன்னால் ஒரு கண்ணாடியைப் பொருத்திவிட்டார். 1904ல் சிகாகோவில் ஒரு குதிரை வண்டியில் அப்படி ஒன்றைப் பார்த்த ஞாபகமாம். மணிக்கு சராசரி 74.6 மைல் வேகத்தில் ஓட்டி அவரே ஜெயித்தார். பின்பார்வைக் கண்ணாடிக்கு உலகப் புகழ்.

இதில் சுவாரசியம் என்னவென்றால், அந்த மைதானம் 1909ல் 32 லட்சம் செங்கல் பதித்துப் போட்ட தளம். செங்கல்மேல் ஓடிய அதிர்வில் கண்ணாடி நடுங்கி நடுங்கி, தனக்கு அதில் ஒன்றுமே தெரியவில்லை என்று ஹாரூன் பிற்காலத்தில் சொல்லியிருக்கிறார்! ஆக, கண்ணாடி மாட்டியிருப்பது வேறு, அதில் தெரிவது வேறு. என் மகளின் மூன்றாவது கண்ணாடி அப்படியே ஹாரூன் கண்ணாடிதான்.

1921ல் எல்மர் பெர்கர் என்பவர் காரில் பொருத்தும் கண்ணாடிக்குக் காப்புரிமை வாங்கி, துரத்தி வரும் போலீஸைக் கண்டுபிடிக்க உதவும் சாமான் என்று சொல்லி விற்றார். பாதுகாப்பு என்று சொன்னால் விற்காது, போலீஸிடம் தப்பலாம் என்றால் விற்கும். மனுஷன் எல்லா ஊரிலும் ஒன்றுதான் :-)

சைக்கிளுக்கு ஏன் இல்லை?

சைக்கிள் இதற்கெல்லாம் மூத்தது. 1885ல் ஸ்டார்லியின் ரோவர் சேஃப்டி சைக்கிள், 1888ல் டன்லப்பின் காற்றடைத்த டயர். இந்த இரண்டோடு சைக்கிளின் உருவம் கிட்டத்தட்ட முடிவாகிவிட்டது. நம் நாட்டில் சுதந்திரத்துக்கு முன்னால் பெரும்பாலும் இங்கிலாந்துச் சரக்கு. பிறகு முருகப்பா குழுமமும் இங்கிலாந்தின் டியூப் இன்வெஸ்ட்மென்ட்ஸும் சேர்ந்து 1949ல் டிஐ சைக்கிள்ஸைத் தொடங்க, 1951ல் அம்பத்தூரிலிருந்து ஹெர்குலிஸ் வந்தது. அதே 1951ல் சோனிபட்டில் அட்லஸ். லூதியானாவில் 1956ல் ஹீரோ. இப்போது பாகிஸ்தானில் இருக்கும் கமாலியாவிலிருந்து வந்த முஞ்சால் சகோதரர்கள் சைக்கிள் உதிரிபாக வியாபாரத்தில் தொடங்கி முழு சைக்கிளுக்கு வந்தார்கள். 1986ல் உலகிலேயே அதிகம் சைக்கிள் செய்யும் கம்பெனி என்று கின்னஸில் இடம் பிடித்தது ஹீரோ. காலம் சுற்றிச் சுற்றி வருகிறது பாருங்கள். அட்லஸ் தன் சாஹிபாபாத் ஆலையை 2020 ஜூன் 3ம் தேதி நிறுத்தியது, அன்று உலக சைக்கிள் தினம். நம்மூர் டிஐ சைக்கிள்ஸோ 2017ல் இங்கே பஞ்சாபில் ராஜ்புராவில் ஓர் ஆலை திறந்தது.

இத்தனை கம்பெனி, இத்தனை கோடி சைக்கிள். ஆனால் கண்ணாடியோடு வந்த சைக்கிளை நீங்கள் பார்த்திருக்கிறீர்களா? பெல், ஸ்டாண்டு, கேரியர், பூட்டு, டைனமோ எல்லாமே கடையில் தனித்தனியாக விலை பேசி மாட்டியதுதான். கண்ணாடி அந்தப் பட்டியலில்கூட இல்லை. மோட்டார் வாகன விதிகள் மோட்டார் வாகனத்துக்குக் கண்ணாடியைக் கட்டாயமாக்கின. சைக்கிள் மோட்டார் வாகனம் இல்லையே!

என் கணிப்பு ஒன்று சொல்கிறேன், தப்பென்றால் திருத்துங்கள். நம் சாலை, கண்ணை நம்பிய சாலை இல்லை, காதை நம்பிய சாலை. லாரியின் முதுகைப் பாருங்கள். ஹாரன் அடி என்று பின்னால் வருகிறவனுக்கு எழுதி வைத்திருப்பார்கள். பின்னால் இருப்பதைத் தெரிந்துகொள்வது முன்னால் போகிறவன் பொறுப்பில்லை, சத்தம் போட்டுச் சொல்வது பின்னால் வருகிறவன் பொறுப்பு. மகாராஷ்டிரா 2015ல் அந்த வாசகத்துக்கே தடை போட்டது, ஆனாலும் பழக்கம் போகுமா? சைக்கிள்காரனும் அப்படியே பழகினான். லாரி உறுமலும் பஸ் ஹாரனும் அவனுக்குக் கண்ணாடி.

இந்த ஏற்பாடு இரண்டு இடத்தில் உடையும். ஒன்று, வண்டிக்குச் சத்தம் இல்லாமல் போகும்போது. 2015ல் ஈ-ரிக்‌ஷாவுக்கு மோட்டார் வாகனச் சட்டத்தில் இடம் கிடைத்தது. இப்போது வட இந்திய நகரங்களில் எங்கு பார்த்தாலும் அதுதான். பூனை மாதிரி வரும். இரண்டாவது, ஓட்டுகிறவனுக்குக் காது இல்லாமல் போகும்போது.

கொசுவத்தி

அப்பாவுக்குக் கோயமுத்தூரில் ஒரு மில்லில் வேலை, தறி ஓடும் பகுதி. மூன்று ஷிப்ட். தறிச் சத்தத்தில் பக்கத்தில் நிற்கிறவன் பேசுவதே கேட்காது, உதடு அசைவதைப் பார்த்தே பேசிக்கொள்வார்களாம். நாற்பது வயதுக்குள் அப்பாவுக்குக் காது மந்தமாகிவிட்டது. வீட்டில் நாங்கள் கத்திப் பேசுவோம், தெருவுக்கே எங்கள் வீட்டு ரகசியம் தெரியும். ராமசீனி 1700களில் எழுதி வைத்ததை மில் டாக்டர் யாராவது படித்தாரா என்று தெரியாது. அப்பாவிடம் யாரும் எதுவும் கேட்கவில்லை.

ஒருநாள் அப்பா உக்கடம் பழைய சாமான் கடையிலிருந்து ஒரு ஸ்கூட்டர் கண்ணாடி வாங்கி வந்தார். வட்டமானது. கம்பியைப் பாதியாக அறுத்து, ஹேண்டில் பாரின் வலது ஓரத்தில் பழைய டியூப் ரப்பரைச் சுற்றி, அதற்குமேல் கிளாம்ப் போட்டு மாட்டினார். எங்கள் தெருவிலேயே கண்ணாடி வைத்த சைக்கிள் அது ஒன்றுதான்.

எனக்கு அப்போது பதிமூன்று வயது, 1992. ஞாயிற்றுக்கிழமை அந்த சைக்கிளை எடுத்துக்கொண்டு கிரிக்கெட்டுக்குப் போனால் பசங்க விடமாட்டார்கள். "என்னடா, தலை சீவறதுக்கா கண்ணாடி?" ஒருவன் உண்மையிலேயே அதில் பார்த்துத் தலை சீவிக் காட்டினான். எல்லோரும் சிரித்தார்கள். "செவிட்டு சைக்கிள்" என்று பெயர் வைத்தார்கள். அதுதான் தாங்க முடியவில்லை. அடுத்த ஞாயிறு கிளம்பும்போது ஸ்பானரை எடுத்துக் கண்ணாடியைக் கழற்றி, துணி மூட்டைக்குள் ஒளித்து வைத்துவிட்டுப் போனேன். சாயங்காலம் வந்ததும் திருப்பி மாட்டிவிடலாம் என்றுதான் நினைத்தேன். மாட்ச் முடிய நேரமாகிவிட்டது. வந்து சாப்பிட்டுப் படுத்தவன் அப்படியே தூங்கிப் போனேன்.

அப்பாவுக்கு அன்று ராத்திரி ஷிப்ட். அவிநாசி ரோட்டில் பின்னால் வந்த ஒரு பஸ் ஒதுக்கித் தள்ளியதில் விழுந்து, வலது தோள்பட்டை எலும்பு முறிந்தது. இரண்டு மாதம் வேலைக்குப் போக முடியவில்லை. அம்மாவின் வளையல் அடகுக்குப் போனது. நான் பிற்காலத்தில் நகைக்கடன் கவுண்டரில் உட்கார்ந்து எத்தனையோ வளையலை எடை போட்டிருக்கிறேன். ஒவ்வொரு முறையும் அந்த வளையல் ஞாபகம் வரும்.

ஆஸ்பத்திரியிலிருந்து வந்த அன்று, கட்டுப் போட்ட கையோடு அப்பா சைக்கிளைப் பார்த்துவிட்டு, "கண்ணாடி எங்க கண்ணு?" என்று கேட்டார். "தெரியலீங்ப்பா, யாரோ கழட்டிட்டுப் போயிட்டாங்களாட்ட இருக்குது" என்றேன். வேறொன்றும் கேட்கவில்லை. நான்கு நாள் கழித்து அந்தக் கண்ணாடியைக் கொண்டுபோய் வாய்க்காலில் போட்டேன். திருப்பி வைக்கத் தைரியம் வரவில்லை. இன்றுவரை தங்கமணியிடம்கூடச் சொன்னதில்லை. அவளும் இதை இங்கேதான் படிக்கப்போகிறாள்.

கில் ரோட்டுப் பாடம்

மகள் விழுந்த அடுத்த வாரம், கில் ரோட்டை ஒட்டிய ஒரு சந்தில் சிறிய யூனிட் ஒன்றுக்கு சிசி லிமிட் புதுப்பிக்க இன்ஸ்பெக்‌ஷன் போக வேண்டியிருந்தது. ஸ்கூட்டர், சைக்கிளுக்கு ஷீஷா செய்கிறவர்கள். பஞ்சாபியில் கண்ணாடிக்கு ஷீஷா. ஸ்டாக் ஸ்டேட்மென்டைச் சரிபார்த்து முடித்ததும், உரிமையாளர் சர்தார்ஜியிடம் என் மூன்று கண்ணாடிக் கதையைச் சொன்னேன். பெரியவர் சிரித்துவிட்டு, நான்கு ரகத்தை எடுத்து மேசைமேல் பரப்பினார். அங்கே கேட்டதும், அதற்குப் பிறகு நானே சோதித்துப் பார்த்ததும் இவை. உங்கள் பிள்ளைகளுக்கு வாங்கும்போது உதவும்.

முதலில் பொருள். பின்னால் பூச்சு ஏற்றிய கண்ணாடிதான் தெளிவு, கீறலும் லேசில் விழாது. ஆனால் அதன் பகைவன் ஈரம். பூச்சு கறுப்பது எப்போதும் ஓரத்திலிருந்துதான் தொடங்கும். அதனால் ஓரத்தைப் பாருங்கள். பின்பக்கப் பெயின்ட் ஓரம் வரை வந்து, மேலே ரப்பரோ பசையோ வைத்து அடைத்திருக்க வேண்டும். வெறும் தகர மூடிக்குள் செருகியிருந்தால் உள்ளே மழைத் தண்ணீர் தேங்கும், ஒரு சீசன்தான். பிளாஸ்டிக்கில் அக்ரிலிக் விழுந்தால் சில்லு சில்லாகத் தெறிக்காது, எடையும் குறைவு. சிறு பிள்ளைகளுக்கு அதுவே நல்லது. ஆனால் உலர்ந்த துணியால் துடைக்கவே கூடாது. தண்ணீர் ஊற்றிப் புழுதியைக் கழுவிவிட்டுத்தான் துணி வைக்க வேண்டும். பாலிகார்பனேட் இன்னும் முரடு, அடி தாங்கும், ஆனால் அதுவும் கீறும். மெருகேற்றிய ஸ்டெயின்லெஸ் ஸ்டீல் உடையாது, துருவும் லேசில் பிடிக்காது. ஆனால் பிம்பம் மங்கல், அந்தி நேரத்துக்கு உதவாது.

அடுத்தது வளைவு. தட்டைக் கண்ணாடியில் தூரம் உள்ளபடி தெரியும், ஆனால் பார்வைப் பரப்பு குறுகல். குவிந்த கண்ணாடியில் சாலை முழுக்கத் தெரியும், ஆனால் வண்டி உண்மையில் இருப்பதைவிடத் தள்ளி இருப்பது போல ஏமாற்றும். ரொம்பக் குவிந்ததை வாங்காதீர்கள், லாரிகூட எறும்பாகத் தெரியும். கடையிலேயே வாசலுக்கு எடுத்து வந்து, தெருக்கோடியில் நிற்கும் ஸ்கூட்டரை அதில் பாருங்கள். ஸ்கூட்டர் என்று அடையாளம் தெரிந்தால் சரி.

மூன்றாவது நடுக்கம், ஹாரூன் பாடம். கம்பி எவ்வளவு நீளமோ அவ்வளவு ஆட்டம். குட்டைக் கம்பி போதும். கிளாம்ப் இரும்பாக இருக்கட்டும், பிளாஸ்டிக் கிளாம்ப் வெயிலில் வெடிக்கும். பந்து மூட்டு இருந்தால், அதை இறுக்க ஒரு ஸ்க்ரூ வெளியே தெரிய வேண்டும். இறுக்க வழியில்லாத மூட்டு ஒரு வருடத்தில் வானம் பார்க்கும். கண்ணாடி மட்டும் தனியாகக் கிடைக்குமா என்றும் கேளுங்கள். கிடைத்தால் அதுதான் உழைக்கிற சாமான்.

நான்காவது பக்கம். நம் நாட்டில் இடது ஓரம் போகிறோம், முந்துகிறவன் வலது பக்கம் வருவான். அதனால் வலது கைப்பிடி. ஹெல்மெட்டிலும் மூக்குக் கண்ணாடியிலும் மாட்டும் அமெரிக்க ரகங்கள் அவர்கள் சாலைக்கேற்ப இடது பக்கத்துக்குச் செய்தவை. ஆன்லைனில் வாங்கும்போது வலது பக்கம் வேலை செய்யுமா என்று பாருங்கள்.

கடைசியாக, எவ்வளவு நல்ல கண்ணாடியானாலும் திரும்புவதற்கு முன் ஒருமுறை தலையைத் திருப்பிப் பார்க்க வேண்டும், கையைக் காட்ட வேண்டும்.

"இவ்வளவு தெரிந்தவர் ஏன் ஓரத்தை அடைக்காமல் மலிவுச் சரக்கும் போடுகிறீர்கள்?" என்று சர்தார்ஜியிடம் கேட்டேன். அவர் கோபித்துக்கொள்ளவில்லை. "மானேஜர் சாப், சைக்கிளுக்குக் கண்ணாடி வாங்குகிறவன் ஒரே கேள்விதான் கேட்பான், எவ்வளவு. எத்தனை நாள் உழைக்கும் என்று யார் கேட்கிறார்கள்?" என்றார். நான் என் பிள்ளைக்கு வாங்கிய மூன்றையும் நினைத்துப் பார்த்தேன். மூன்று தடவையும் விலை மட்டும்தான் கேட்டிருக்கிறேன்.

நாலாவது கண்ணாடி

பிப்ரவரி கடைசியில், குளிர் விட்டதும் அப்பா வந்தார். இப்போது எழுபத்தேழு வயது. காது கிட்டத்தட்ட முழுக்கப் போய்விட்டது. வாங்கிக் கொடுத்த மெஷினைப் பெட்டியிலேயே வைத்திருக்கிறார், இரைச்சலாக இருக்கிறதாம். பேத்தி அவர் முகத்துக்கு நேரே நின்று மெதுவாகப் பேசுவாள், புரிந்துகொள்வார்.

கில் ரோட்டில் வாங்கி வந்த கண்ணாடியை நான் மாட்டிக்கொண்டிருந்தேன். அப்பா வந்து பக்கத்தில் உட்கார்ந்தார். "அப்படியே மாட்டுனா நிக்காது. டியூப்பு ரப்பரு ஒண்ணு உள்ள வெக்கோணும்" என்றார். பழைய டியூபிலிருந்து ஒரு துண்டு அவரே வெட்டிச் சுற்றினார். வலது கையைத் தோளுக்குமேல் தூக்க முடியாது, ஆனால் விரலில் பிடி அப்படியே இருக்கிறது.

இதுதான் சமயம் என்று அவர் முகத்துக்கு நேரே நகர்ந்து சொல்லிவிட்டேன். "அப்பா, அன்னைக்குக் கண்ணாடியக் கழட்டுனது நாந்தானுங்க." வாயை மட்டும் அசைத்தேனா, சத்தமும் வந்ததா என்று தெரியவில்லை.

அப்பா நட்டை இறுக்கிக்கொண்டே, "தெரியும் கண்ணு. ஸ்பானர எடுத்த எடத்துல வெக்காம போயிட்டியே" என்றார்.

முப்பது வருடத்துக்கு மேல் தெரிந்தே இருந்திருக்கிறார். எனக்குப் பேச்சு வரவில்லை. அவர் ஸ்பானரை என்னிடம் கொடுத்து, "இத இருந்த எடத்துல வெச்சுட்டு வா" என்றார். போய் வைத்துவிட்டு வந்தேன். அதற்குள் பேத்தியை சைக்கிளில் ஏறி உட்காரச் சொல்லி, அப்பா பின்னால் போய் நின்றுகொண்டு கையை ஆட்டினார். "தெரியுதா?" "தெரியுது தாத்தா." அவருக்கு அது கேட்டிருக்காது. ஆனால் கண்ணாடியில் அவள் தலையாட்டுவது தெரிந்திருக்கும்.

இந்த வாரம் பிள்ளைகளின் சைக்கிளை ஒருமுறை பாருங்கள். கண்ணாடி இல்லை என்றால் வாங்குங்கள். இருந்தால், அது எங்கே பார்த்துக்கொண்டிருக்கிறது என்று பாருங்கள்.

டிஸ்கி: சிசி லிமிட் புதுப்பித்தாகிவிட்டது. அதற்கும் இந்தப் பதிவுக்கும் சம்பந்தம் இல்லை. கண்ணாடியை முழு விலை கொடுத்துத்தான் வாங்கினேன், பில் இருக்கிறது :-)